ஆளே இல்லாத தீவில் சுற்றி விசைகளைத் திருகும் விளையாட்டில் அப்படி என்ன இருக்கிறது?

சண்டை இல்லை, ஓட்டம் இல்லை, மதிப்பெண்கூட இல்லை, இதில் என்ன சுகம் என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் யாரோ இரவு முழுக்கத் திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அந்தக் கடுப்பில் கேட்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். என் வீட்டிலும் இந்தப் பாட்டு உண்டு.

நான் அவிநாசிப் பக்கம் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். இந்த வயதில் விளையாட்டா என்று கேட்கப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ஷட்டரை இறக்கிய பிறகுதான் விளையாடுகிறேன், ஒருவர் காசிலும் இல்லை. சுடுகிற விளையாட்டுகள் மட்டம் என்றும் சொல்லவில்லை.

என்னைப் பிடித்துப்போட்டது 1997இல் வந்த ரிவன் என்ற கணினி விளையாட்டு. 1993இல் மிஸ்ட் என்ற விளையாட்டைத் தந்த மில்லர் சகோதரர்களின் நிறுவனம் செய்தது. ஐந்து சிடி. தீவு மாறினால் சிடியும் மாற்ற வேண்டும். கோவையில் படித்துக்கொண்டிருந்த என் மாமன் மகன் கொண்டுவந்தான். அதில் ஒரு பள்ளிக்கூடம் வரும். ஆசிரியரும் கிடையாது, பிள்ளைகளும் கிடையாது. ஒரு மர பொம்மைதான் இருக்கும். அதை இயக்கினால் ஒரு குறி தோன்றும், கயிற்றில் தொங்கும் மனிதன் கீழே வாய் பிளந்திருக்கும் மீனை நோக்கிச் சில படிகள் இறங்குவான். எத்தனை படி என்று எண்ணினால் அந்தக் குறி எந்த எண் என்று தெரியும். நிற்கும் கோடு ஒன்று. படுத்த கோடு ஐந்து. இரண்டும் குறுக்கிட்டால் ஆறு. பொம்மை பத்தோடு நின்றுவிடும். ஒரு குவிமாடத்துக்குள் போக ஐந்து குமிழ்களைச் சரியான எண்களில் நகர்த்தி வைத்துப் பூட்டைத் திறக்க வேண்டும். அந்தப் பூட்டிலோ இருபத்தைந்து வரை எண்கள். மீதியை நாமே ஊகிக்க வேண்டும்.

"மாப்பிள்ளை, எதற்கு இந்த வம்பு, எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடுவோம்" என்றான் அவன். இருபத்தைந்து இடங்களில் ஐந்து குமிழ்களை 53,130 விதமாக வைக்கலாம். கணக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான் அடங்கினான். இன்னொருவரிடம் விடை கேட்டும் பயனில்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் அந்த ஐந்து எண்களும் மாறும். அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவன்தான் உள்ளே போக முடியும். இரண்டு குறிகளைச் சேர்த்துப் பதினேழு என்று நானே படித்த கணத்தில் எழுந்து நின்றுவிட்டேன்.

சுகம் அதுதான். வாளோ கவசமோ எதுவும் கையில் சேராது, திரையில் நம் உருவம்கூடத் தெரியாது. வந்து சேர்வதெல்லாம் நம் மண்டைக்குள்தான் சேரும். 2019இல் வந்த அவுட்டர் வைல்ட்ஸ் இதைக் கடைசி எல்லைக்கே கொண்டுபோனது: இருபத்திரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாம் அழிந்து முதலிலிருந்து தொடங்கும். விஷயம் தெரிந்தவன் அந்த ஒரு சுற்றிலேயே முடித்துவிடலாம். தெரியாதவனுக்கு வாரக்கணக்கில் இழுக்கும்.

எரிந்துபோன சப்மெர்சிபிள் மோட்டாரைப் பிரிப்பதும் எனக்கு இப்படித்தான். வாயில்லாப் பிராணி, பழைய காயிலை வெட்டும் முன் சுற்றுகளை எண்ணி, கருகிய இடத்தைப் பார்த்து, தண்ணீர் எங்கே இறங்கியது என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். இப்போதெல்லாம் அதற்கும் விடமாட்டேன் என்கிறார்கள். ஆயிரம் அடி போர்வெல்லிலிருந்து மோட்டாரைத் தூக்கிவந்து இறக்கும் முன்பே, "யூடியூபில் பார்த்தேன் அண்ணா, கெப்பாசிட்டரை மட்டும் மாற்றிக் கொடுங்கள்" என்கிறார்கள். அப்படியானால் இங்கே எதற்கு வந்தீர்கள்? காயில் சுற்றியிருக்கும் ஸ்டேட்டர் கருகிக் கிடப்பதைக் கழற்றிக் காட்டினால், செம்பு விலையைச் சொல்லி என்னையே திருடன்போல் பார்க்கிறார்கள். சரி, அதை விடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் பக்கத்தில் கிறுக்கிய நோட்டு ஒன்று கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால், பாவம் என்று இரக்கப்பட்டு இணையத்தில் விடையைத் தேடிச் சொல்லிவிடாதீர்கள். என் மனைவி ஒருமுறை அந்த உதவியைச் செய்தாள். இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை.