80 பைசா வட்டி, 12 சதவீத வட்டி: எது குறைவு?

கேள்வி: கரூரில் ஒரு டெக்ஸ்டைல் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பைக் வாங்க 1 லட்ச ரூபாய் கடன் தேவை. ஷோரூமில் இருக்கும் ஃபைனான்ஸ்காரர் 80 பைசா வட்டி, 36 மாதம், மாதத் தவணை 3,578 ரூபாய் என்கிறார். சம்பளக் கணக்கு உள்ள வங்கியில் 12 சதவீதத்துக்குத் தனிநபர் கடன் தருவதாகச் சொல்கிறார்கள். 80 பைசா என்றால் ஆண்டுக்கு 9.6 சதவீதம்தானே? ஷோரூமிலேயே வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம், வங்கியிலேயே வாங்குங்கள். அந்த 12 சதவீதம்தான் உங்களுக்கு மலிவு.

தெரிந்தவரிடம் நூற்றுக்கு 80 பைசாவுக்கு ஒரு லட்சம் வாங்கினால் மாதம் 800 ரூபாய் வட்டி. தீபாவளி போனஸில் 50,000 திருப்பிக் கொடுத்துவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து 400தான். நம்மிடம் மிச்சம் இருக்கும் பணத்துக்குத்தான் வட்டி என்பது ஊர்க் கணக்கு. ஷோரூமில் அதே 80 பைசாவுக்குக் கணக்கு வேறு. ஒரு லட்சத்துக்கு மாதம் 800 வீதம் 36 மாதத்துக்கு 28,800 ரூபாயை முதலிலேயே அசலோடு கூட்டி, 36ஆல் வகுத்துவிடுகிறார்கள். நீங்கள் மாதாமாதம் அசலை அடைத்துக்கொண்டே வந்தாலும் வட்டி முழு லட்சத்துக்கே ஓடுகிறது. இதுதான் பிளாட் ரேட்.

வங்கி சொல்லும் 12 சதவீதம் குறையும் அசலுக்கு. அதே 36 மாதத்துக்குத் தவணை 3,321 ரூபாய். மொத்த வட்டி சுமார் 19,570. ஷோரூம் கடனைவிட 9,200 ரூபாய்க்கு மேல் மிச்சம். ஷோரூமின் 80 பைசாவை வங்கி முறைக்கு மாற்றினால் 17.25 சதவீதம் வருகிறது. மூன்று வருடக் கடன் என்றால் பிளாட் வட்டியை 1.8ஆல் பெருக்கிப் பாருங்கள், உண்மையான வட்டிக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும்.

இதில் டாகுமென்ட் சார்ஜ் சேரவில்லை. 2,500 ரூபாய் பிடித்துக்கொண்டு 97,500 மட்டும் கொடுத்தார்கள் என்று வையுங்கள், வட்டி 19 சதவீதத்தைத் தொட்டுவிடும். வங்கியும் பிராசஸிங் கட்டணம் பிடிக்கும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவு கணக்கும் நீங்கள் போட வேண்டியதில்லை. 2024 அக்டோபர் 1 முதல் வங்கியானாலும் ஃபைனான்ஸ் கம்பெனியானாலும் இப்படிப்பட்ட கடன்களுக்கு ‘கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்’ என்ற தாளைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், தமிழில் கேளுங்கள். அதில் ஏ.பி.ஆர். என்ற இடத்தில் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டுச் செலவு சதவீதத்தில் இருக்கும். இரண்டு இடத்துத் தாளையும் வாங்கி அந்த ஓர் எண்ணை மட்டும் ஒப்பிட்டாலே போதும். தாளில் இல்லாத கட்டணத்தை உங்கள் சம்மதமில்லாமல் பிறகு வசூலிக்க முடியாது. முடிவெடுக்க உங்களுக்குக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசமும் உண்டு. ‘ஆஃபர் இன்னிக்கு மட்டும்தான் சார்’ என்று அவசரப்படுத்துபவரிடம் முதலில் அந்தத் தாளைக் கேட்டுப் பாருங்கள்.

பிளாட் ரேட்டில் இன்னொரு வேடிக்கை, பாதியில் கடனை முடிக்கப் போகும்போது தெரியும். 12 தவணை கட்டியாகிவிட்டது, மூன்றில் ஒரு பங்கு அசல் போய் 66,667தான் பாக்கி என்று நினைத்துப் போவீர்கள். அங்கே சுமார் 72,000 என்பார்கள். விற்கும்போது 9.6 என்று பேசியவர்கள் தங்கள் புத்தகத்தில் 17.25 என்றே எழுதி வைத்திருப்பார்கள். அந்த முறையில் ஆரம்பத் தவணைகளில் வட்டிதான் அதிகம் கழியும். இதற்கு மேல் முன்கூட்டி முடிக்கும் கட்டணமும் இருக்கலாம். அதையும் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்.

தனிநபர் கடனில் வண்டி அடமானம் ஆகாது, ஆர்.சி. உங்கள் பெயரில் சுத்தமாக இருக்கும். ஏதோ காரணத்தால் வங்கி கைவிரித்து ஃபைனான்ஸிலேயே வாங்க நேர்ந்தால், கடைசி டியூ கட்டியதும் கடன் பாக்கி இல்லை என்ற என்.ஓ.சி.யும் கையெழுத்திட்ட படிவம் 35ம் வாங்கி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஹெச்.பி.யை, அதாவது ஆர்.சி.யில் இருக்கும் அடமானப் பதிவை, கேன்சல் செய்துவிடுங்கள். பலர் இதை விட்டுவிட்டு, வண்டியை விற்கும்போது அலைகிறார்கள்.