தூண்டில் போட்டி: பரிசு எதற்கு, விதி எப்படி?

குமரி மாவட்டத்தின் கடற்கரை ஊர்களிலும் குளத்தங்கரைகளிலும் தூண்டில் போட்டி நடத்த நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: திருவிழாவை ஒட்டி எங்கள் மன்றம் தூண்டில் போட்டி நடத்துகிறது. 'எடை கூடிய மீனுக்கு முதல் பரிசு' என்று நோட்டீஸ் அடிக்கப் போகிறோம். மீன்வளத்துக்குக் கேடு வராமல் இருக்க வேறு என்ன விதி சேர்க்கலாம்?
– மன்றச் செயலாளர், மணக்குடி

பதில்: வேறு விதி சேர்க்கும் முன் அந்த வரியை எடுத்துவிடுங்கள். எடைக்குப் பரிசு என்றால் தராசு இருக்கும் மேடை வரை மீனைத் தூக்கி வந்தாக வேண்டும். வந்து சேரும்போது அது செத்திருக்கும், அல்லது சாகக் கிடக்கும். அதற்குப் பிறகு எத்தனை விதி போட்டாலும் பயனில்லை.

இன்னொன்று. மணக்குடிக் காயலில் எல்லோரும் குறிவைக்கப் போவது கொடுவாவைத்தான். கொடுவா ஆணாக வளர்ந்து, பொதுவாக 80 செ.மீ. தாண்டிய பிறகு பெண்ணாக மாறும் மீன். பெரிய கொடுவா என்றாலே தாய்மீன் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பருவத்தில் லட்சக்கணக்கில் முட்டையிடும். அது முட்டையிட வருவதும் காயல் கடலோடு சேரும் பொழிமுகத்தை ஒட்டித்தான். எடைக்குப் பரிசு வைப்பது அந்தத் தாய்களின் தலைக்கு விலை வைப்பதுதான். கலவா இதற்கு நேர்மாறு: பெண்ணாகத் தொடங்கி ஆணாக மாறும். ஒரு பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) பெரிய கலவாக்களையே தொடர்ந்து எடுத்தால் அங்கே ஆண் மீன் அருகிப்போகும்.

ஆகவே நீளத்துக்குப் புள்ளி கொடுங்கள். மீனை அளந்து, படம் எடுத்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி. ஆளுக்கு மிக நீளமான மூன்று மீன் மட்டுமே கணக்கு. எண்ணிக்கைக்குப் பரிசு வேண்டாம். வைத்தால் குஞ்சும் குறுமீனுமாக இழுத்துத் தள்ளுவார்கள். கொடுவாவுக்கு 80 புள்ளியே உச்சம் என்று வரம்பு வையுங்கள். 95 செ.மீ. மீனுக்கும் 80தான். பெரியதைத் தேடிப் போகும் வெறி அதோடு அடங்கும். விட்ட மீன் மிதந்தால் அந்த மீனுக்குப் புள்ளி கிடையாது, கூடவே 20 புள்ளி கழிவு. சமன் வந்தால் முதலில் பிடித்தவருக்கு வெற்றி.

அளவுப் பலகைக்கு வழவழப்பான பி.வி.சி. ஷீட் போதும். ஒரு முனையில் நிமிர்ந்த தடுப்பு வைத்து, அங்கிருந்து சென்டிமீட்டர் கோடு கீறுங்கள். மீனின் மூக்கு தடுப்பில் முட்டியிருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும். கொடுவா, மடவைக்கு வால் நுனிவரை; பாறை, நெய்மீன் போன்ற கவட்டை வால் மீன்களுக்கு வாலின் நடுப்பிளவுவரை. இதை முதலிலேயே எழுதிக் கொடுக்காவிட்டால் பரிசளிப்பு மேடையில் சண்டை நிச்சயம். படத்தை நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். சரித்து எடுத்தால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூடக் காட்டும். பழைய படத்தை நுழைப்பவர்களுக்கு ஒரு பூட்டு உண்டு: விசில் அடிக்கும் நேரத்தில் அன்றைக்கான குறியீடு எழுதிய அட்டையை எல்லோர் கையிலும் கொடுங்கள். அட்டை தெரியாத படம் செல்லாது. ஒரே மீனை இரண்டு பேர் காட்டுவதைத் தடுக்க, நீரில் விடுவதையும் சில நொடி வீடியோ எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: போன முறை பிடித்த மீனையெல்லாம் உயிரோடுதான் விட்டோம். மறுநாள் கரையில் சில செத்து ஒதுங்கின. நீந்திப் போன மீன் ஏன் சாகிறது?
– போட்டி நடுவர், தேங்காப்பட்டணம்

பதில்: நீந்திப் போவது பிழைத்ததற்கு அடையாளம் அல்ல. மரணம் சில மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்து வரும். காரணங்கள் பெரும்பாலும் நான்கு.

முதலாவது, தூண்டில் முள்ளை விழுங்கியது. தொண்டையிலோ செவுளிலோ குத்திய மீன் ரத்தம் இழந்து சாகும். இரைக்கு வளைந்த 'சர்க்கிள்' முள் மட்டும் அனுமதியுங்கள். அது வாய் ஓரத்தில் சிக்கும். ஆனால் அதற்கு வெடுக்கென்று இழுக்கக் கூடாது. மீன் இழுக்கும்போது நிதானமாகச் சுற்ற வேண்டும். நம் ஆட்களுக்குக் கை துடிப்பதால் இதை விசிலுக்கு முன் ஒருமுறை செய்தே காட்டுங்கள். முள்ளின் எதிர்க்கொக்கியை, அதாவது முனைக்குச் சற்றுப் பின்னே எதிர்ப்பக்கம் நீட்டியிருக்கும் சிறு முனையை, குறட்டால் நசுக்கிவிடுவது கட்டாயம். செயற்கை இரையில் மும்முனை முள்ளைக் கழற்றி ஒற்றை முள் போட வேண்டும். விழுங்கிய முள்ளைப் பிடுங்கவே கூடாது. வாய்க்கருகே தங்கூசியை (தூண்டில் நரம்பை) அறுத்து விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, களைப்பு. மெல்லிய தங்கூசியில் இருபது நிமிடம் விளையாட்டுக் காட்டினால் மீனின் தசையில் அமிலம் ஏறிவிடும். குறைந்தபட்ச தங்கூசி கனத்தை விதியாகவே வையுங்கள்.

மூன்றாவது, வெயில். நீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். மீனுக்குத் தேவையோ கூடும். விடியலில் தொடங்கி 9 மணிக்கு முடித்துவிடுங்கள். முழுநாள் போட்டி நம் ஊர் வெயிலுக்கு ஆகாது.

நான்காவது, கை. காய்ந்த கையும் சுடுமணலும் துணியும் மீனின் வழுவழுப்பைத் துடைத்தெடுத்துவிடும். அந்த இடத்தில் பூஞ்சையும் கிருமியும் ஏறும். கையையும் பலகையையும் முதலில் நனைக்க வேண்டும். மீனை அள்ளும் கோருவலை முடிச்சில்லாத ரப்பர் வலையாக இருக்கட்டும். செவுளில் விரல் விடுவதும் தாடையில் தொங்கவிட்டு செல்ஃபி எடுப்பதும் தகுதிநீக்கம். நீருக்கு வெளியே 30 நொடிக்கு மேல் கூடாது. பலகையும் போனும் தயாராக இருந்தால் 15 நொடியே போதும். அதுவரை மீன் கோருவலையில், நீருக்குள் இருக்கட்டும்.

கேள்வி: ஃபைபர் வள்ளத்தில் போய் பாரில் தூண்டில் போடும் பிரிவும் வைக்கலாமா?
– குளச்சல் வாசகர்

பதில்: மேலே ஓடும் பாறை மீன், சீலா, நெய்மீனுக்கு வைக்கலாம். அடியில் கிடக்கும் கலவா, செப்பிலிக்கு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. வேகமாக மேலே இழுக்கும்போது மீனின் காற்றுப்பை அதற்கேற்ப ஊதும். கண் பிதுங்கும், வாய் வழியே ஒரு பை தள்ளும். அதைக் காற்றுப்பை என்று நினைத்து ஊசியால் குத்துகிறார்கள், அது இரைப்பை. அப்படிப்பட்ட மீனை மேலே விட்டால் மூழ்க முடியாமல் மிதந்தே சாகும்.

தற்செயலாக மாட்டினால் திரும்ப ஆழத்துக்கு இறக்குவதே வழி. எதிர்க்கொக்கி நசுக்கிய பெரிய முள்ளின் வளைவில் கயிற்றைக் கட்டி, அந்த முள்ளின் காதில் ஒரு கிலோ ஈயக்குண்டைத் தொங்கவிடுங்கள். முள் முனையை மீனின் கீழுதட்டில் மாட்டி அடிவரை இறக்கி, வெடுக்கென்று மேலே இழுத்தால் மீன் கழன்றுகொள்ளும். வள்ளத்துக்கு ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

சுறா, திருக்கைக்குப் புள்ளியே கூடாது. பல வகைகள் குட்டி ஈனுபவை. சினைத் திருக்கையை இழுத்தால் அதிர்ச்சியில் குறைமாதக் குட்டிகளைத் தள்ளிவிடும். வேளா (ரம்பம்போல் மூக்கு நீண்ட மீன்), திமிங்கலச் சுறா, கடலாமை ஆகியவை 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. சிக்கினால் படகில் ஏற்றாமல் தங்கூசியை அறுங்கள், படமெடுக்க நிற்காதீர்கள்.

கேள்வி: எந்த மாதத்தில் வைப்பது? தடைக்காலத்தில் நடத்தலாமா?
– முட்டம், சின்னமுட்டம் வாசகர்கள்

பதில்: நம் மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம். சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாள். தடை விசைப்படகுகளுக்குத்தான், கரையில் நின்று தூண்டில் போடுபவருக்கு அல்ல. இருந்தாலும் படகுகளைக் கட்டிப்போட்டுக் குடும்பங்கள் காத்திருக்கும் நாட்களில் பக்கத்துப் பாறையில் மைக் செட்டோடு மீன்பிடி விளையாட்டு நடத்துவது நன்றாக இல்லை. ஜனவரி, பிப்ரவரி பாருங்கள். எந்த நாளானாலும் ஊர்க் கமிட்டியிடம் கேட்டு, கட்டுமரம் கரையேறும் இடத்தையும் கரைவலை இழுக்கும் இடத்தையும் விட்டு எல்லை குறியுங்கள். ஆளுக்கு 10 மீட்டர் இடைவெளி, ஒரே ஒரு ராடு. கடல்நிலை எச்சரிக்கை தரும் அரசு நிறுவனமான இன்காய்ஸ், கள்ளக்கடல் (உள்ளூரில் காற்று இல்லாமலே திடீரென எழும் பேரலை) எச்சரிக்கை விட்டிருந்தால் வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பாறையில் ஆள் ஏற்றக் கூடாது.

கேள்வி: குளத்தில் விரால் போட்டி நடத்த யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? தேரூர் குளம் எங்களுக்குப் பக்கம்.
– சுசீந்திரம் வாசகர்

பதில்: தேரூரை மறந்துவிடுங்கள். சுசீந்திரம்–தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் 2022-இல் ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தவை, பறவைகளுக்கான இடம். அறுந்து கிடக்கும் தங்கூசி நாரையின் காலில் சுற்றும், உதிர்ந்த ஈயக்குண்டை வாத்து கல்லென்று விழுங்கி நஞ்சேறும்.

மற்ற குளங்களில் முதலில் மீன் பாசி குத்தகை யாரிடம் என்று விசாரியுங்கள். குத்தகைதாரரின் எழுத்துச் சம்மதம், குளம் ஊராட்சியுடையதா நீர்வளத்துறையுடையதா என்பதைப் பொறுத்து அவர்களின் அனுமதி, மீன்வளத்துறைக்கு ஒரு கடிதம். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி போன்ற காட்டை ஒட்டிய நீரில் வனத்துறையும் சேரும்.

விராலுக்கென்று ஒரு விதி வேண்டும். நீர்மேல் செம்மஞ்சள் குஞ்சுக்கூட்டம் கொதிப்பதுபோல் தெரிந்தால் அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன. அங்கே தவளை இரையை எறிந்தால் கோபத்தில் பாய்ந்து கடிக்கும், பிடிப்பது சுலபம். பெற்றோர் போன சில நிமிடங்களிலேயே மற்ற மீன்கள் குஞ்சை மொய்த்துத் தின்றுவிடும். அதனால் பார்ப்பு (குஞ்சுக்கூட்டம்) தெரியும் இடத்தைச் சுற்றி 20 மீட்டருக்குத் தூண்டில் விழக் கூடாது. மழை தொடங்கிப் புதுவெள்ளம் ஏறும் வாரங்களில் குளத்துப் போட்டியே வேண்டாம்.

கேள்வி: எல்லாவற்றையும் விட்டுவிட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? கேலியாக எடுக்காதீர்கள், ஊரில் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.
– தக்கலை வாசகர்

பதில்: கேலி இல்லை. குளத்துப் போட்டியில் ஜிலேபி மீனுக்குத் தனிப் பிரிவு வையுங்கள். அது வெளியிலிருந்து வந்து உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடித்த இனம். குத்தகைதாரர் சம்மதித்தால் இந்தப் பிரிவில் மட்டும் மொத்த எடைக்கே பரிசு தரலாம், திரும்ப விடவும் வேண்டாம். ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினாலும் தண்ணீருக்குள் திரும்பப் போகக் கூடாது. பிடித்ததும் ஐஸ் பெட்டியில் போடுங்கள்; 10 கிலோ மீனுக்கு 10 கிலோ பொடி ஐஸ். கடற்கரைப் போட்டி என்றால் காலையிலேயே துறைமுகத்துக்கு ஆள் அனுப்பி ஏலத்தில் சாளை வாங்கிவிடுவதுதான் வசதி. வாங்கும்போது 10 செ.மீ.க்குக் குறைந்த சாளையும் 14 செ.மீ.க்குக் குறைந்த அயிலையும் வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். பக்கத்துக் கேரளத்தில் அதற்குச் சிறியதைப் பிடிக்கவே தடை இருக்கிறது. இரைக்கு வாங்கும் மீனுக்கும் இதே அளவுதான்.