கமலைத் தோல்வாலுக்கு எண்ணெய் பூசலாமா?

கேள்வி: கிணற்றடிக் கொட்டகையில் தாத்தா ஓட்டிய கமலையின் (மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் அமைப்பு) இரும்புக் கூனையும் (நீர் மொள்ளும் பெரிய வாளி) தோல்வாலும் (கூனையின் அடியில் கட்டும் தோல் குழாய்) கிடக்கின்றன. தோல் விறைத்துவிட்டது. எண்ணெய் பூசிப் படம் எடுத்து ஆவணப்படுத்தலாமா? (அருப்புக்கோட்டை வாசகர்)

எண்ணெய் வேண்டவே வேண்டாம். நாள்தோறும் நனைந்து வளைந்த தோலுக்கு அது தேவைப்பட்டது. சும்மா கிடக்கும் பழைய தோலில் எண்ணெய் ஊறினால் தூசி ஒட்டும், பூச்சி வரும், நாளடைவில் பிசுபிசுக்கும். தண்ணீரில் ஊறவைத்து மடிப்பை நிமிர்த்தவும் முயலாதீர்கள். காயும்போது சுருங்கி வெடிக்கும். மென்மையான தூரிகையால் தூசியை மட்டும் எடுங்கள். கையில் சிவப்புத் தூள் ஒட்டினால் தோல் உளுத்துவருகிறது என்று பொருள். அப்போது தூரிகையையும் வைத்துவிடுங்கள்.

தோல்வாலைக் கூனையோடு கட்டிய இடத்தைப் பாருங்கள், கறுத்திருக்கும். ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட தோலின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். துரு ஏற ஏறத் தோல் அங்கேயே இற்றுப்போகும். அதற்காகக் கட்டை அவிழ்க்காதீர்கள், அந்த முடிச்சும் ஆவணம்தான். இடைவெளி உள்ள இடத்தில் காய்ந்த வெள்ளைப் பருத்தித் துணியைச் செருகினால் போதும். ஈரமும் வெயிலும் படாத இடம் பார்த்து, பாலிதீன் சுற்றாமல், பலகைமேல் வையுங்கள்.

நகர்த்துவதற்கு முன்பே, கிடக்கிற கோலத்தில், அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுங்கள். தையலுக்கு வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும்; ஊசித் துளைகள் தெளிவாகத் தெரியும். வாலின் நீளம், இரு வாய்களின் சுற்றளவு, பத்து சென்டிமீட்டருக்கு எத்தனை தையல், தைத்தது நூலா தோல்வாரா என்பதைக் குறியுங்கள். ஒட்டுப்போட்ட இடங்களை ஒன்றுவிடாமல் எண்ணுங்கள். எங்கே தேய்ந்தது, எத்தனை முறை பழுது பார்த்தார்கள் என்பதை அவைதான் சொல்லும்.

கயிறுகள் மிஞ்சியிருந்தால் பாக்கியம். வடம் கூனையைத் தூக்கும். வால்கயிறு தோல்வாலின் வாயை மேல்நோக்கி மடக்கிப் பிடித்திருக்கும். கூனை கிணற்று விளிம்புக்கு மேலே ஏறும்போது வால்கயிறு அந்த வாயை வெளியே இழுத்துவிட, தண்ணீர் தானாக வாய்க்காலில் கொட்டும். கூனையைக் கவிழ்க்கத் தனி ஆள் தேவையில்லை. இந்த நுட்பம் முழுவதும் இரு கயிறுகளின் நீள வேறுபாட்டில் இருப்பதால் அதைக் கட்டாயம் அளந்து எழுதுங்கள்.

உறுப்புகளின் பெயர்களை உங்கள் ஊரில் சொல்கிறபடியே எழுதுங்கள். கொங்குப் பகுதியில் கமலைக்குப் பெயர் கவலை. தோல்வால் அங்கே தும்பி.

எனக்கு நெடுநாளாக ஒரு வருத்தம் உண்டு. இத்தகைய குறிப்புகளில் கிணற்றுக்காரர் பெயர் இருக்கும், தோலைப் பதனிட்டுத் தைத்தவர் பெயர் இருக்காது. உங்கள் தோல்வாலைத் தைத்த குடும்பம் பக்கத்திலேயே இருக்கக்கூடும். தேடிப் போய், எந்தத் தோல், எந்தப் பட்டை, எத்தனை நாள் ஊறல் என்று கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால் பெயரையும் எழுதுங்கள். கமலை ஓட்டிய பெரியவர் ஒருவரையும் கொட்டகைக்கு அழைத்து வந்து, அவர் எதைத் தொட்டு என்ன சொல்கிறார் என்பதைக் கை தெரியும்படி வீடியோ எடுங்கள்.