அலை எதைக் கொண்டு போகிறது? – கேள்வி பதில்

உயர்தர வகுப்பில் ‘பொறிமுறை அலைகள்’ (கயிறு, தண்ணீர், காற்று போன்ற ஒன்றின் வழியாகப் போகும் அலைகள்) படிப்பிக்கத் தொடங்கிய பிறகு வந்த கேள்விகள் இவை. பிள்ளைகளோடு பெரியவர்களும் கேட்டிருந்தது எனக்குப் பெரிய சந்தோசம்.

கொக்குவில் மாணவி: சேர், துணிக்கை தன்ர இடத்திலயே நிண்டு ஆடுது எண்டு படிப்பிக்கிறீங்கள். அப்ப சக்தி மட்டும் எப்பிடிப் போகும்?

பிள்ளை, பழைய கிணற்றுக் கயிறு ஒன்று எடுத்து, ஒரு நுனியைத் தென்னையில் இடுப்பளவில் கட்டும். நடுவில் சிவப்புத் துணி ஒன்றை முடிந்து விடும். மற்ற நுனியை இழுத்துப் பிடித்துக்கொண்டு கையை ஒருதரம் மேலே உதறும். மேடு ஒன்று தென்னைக்கு ஓடும். துணி ஏறி இறங்கி, நின்ற இடத்திலேயே நிற்கும்.

முன்னுக்கு ஏறிய கயிற்றுத் துண்டு, இழுவையால் அடுத்த துண்டைத் தூக்குகிறது. விசை கொடுத்து நகர்த்தினால் அது வேலை. அடுத்த துண்டு இதைத் திருப்பிக் கீழே இழுத்து இதன் வேகத்தைப் பறிக்கிறது. ஒன்று இழந்தது மற்றதுக்குச் சேர்கிறது. கையிலிருந்து தென்னை வரை இதே கைமாற்றம்தான். கயிற்றைத் தொய்ய விட்டும் உதறிப் பாரும். மேடு பாதியிலேயே படுத்துவிடும், தூக்கிவிட இழுவை இல்லையே.

அதே வகுப்பு மாணவன்: வீச்சத்தை இரட்டிச்சால் சக்தியும் இரட்டிக்குமா?

இல்லை தம்பி, வீச்சம், அதாவது நடுநிலையிலிருந்து ஆடும் உச்ச அளவு, இரட்டித்தால் சக்தி நாலு மடங்காகும். மீடிறனை, அதாவது ஒரு செக்கனில் ஆடும் தடவைகளை, இரட்டித்தாலும், வீச்சம் மாறாவிட்டால், ஒரு செக்கனில் போகும் சக்தி நாலு மடங்கு. இரண்டும் வர்க்கமாகத்தான் வரும்.

மயிலிட்டித் தொழிலாளி ஒருவர்: ஆழத்தில வலை மிதவை அலையில ஏறி இறங்கிக்கொண்டு நிக்குது. கரையில அதே அலை வள்ளத்தையே புரட்டுது. ஏன்?

அண்ணை, நீங்கள் கண்ணால் கண்டதுதான் பாடமே. ஆழத்தில் தண்ணீர் கிட்டத்தட்ட வட்டமாகச் சுற்றுகிறது, முன்னுக்கு நகர்வது சொற்பம். அலைநீளத்தில் பாதி ஆழத்துக்குக் கீழே அந்தச் சுழற்சி அநேகமாக இல்லை. கரையில் அந்தளவு ஆழம் கிடையாது. அலை வேகம் குறைந்து, நெருங்கி, உயர்ந்து, முகடு முன்னுக்கு விழுகிறது. அப்போதுதான் தண்ணீரே ஓடுகிறது. வள்ளத்தைப் புரட்டுவது அந்த ஓட்டம்.

உடுத்துறைத் தாய் ஒருவர்: சுனாமியும் இப்பிடி ஒரு அலைதானே? ஏன் அவ்வளவு அழிவு?

தங்கச்சி, இதற்கு நின்று பதில் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 காலை சுமாத்திராவுக்கு அருகே கடலடி நிலம் பெயர்ந்தபோது அசைந்தது மேல்தண்ணீர் மட்டுமல்ல, அடிவரை முழுக்கடலும். முகட்டுக்கு முகடு நூற்றுக்கணக்கான கிலோமீற்றர். நடுக்கடலில் அதன் உயரத்தைச் செய்மதி அளந்தபோது ஏறக்குறைய 60 சென்ரிமீற்றர்தான். கப்பலில் நின்றவருக்குத் தெரிந்திராது. 4000 மீற்றர் ஆழத்தில் அப்படியான அலை மணிக்கு 700 கிலோமீற்றர் அளவில் ஓடும். 10 மீற்றர் ஆழத்தில் அது 36 ஆகிவிடும். முன்பக்கம் தளர, பின்பக்கம் இன்னும் வேகமாக வந்து நெருக்கும். அவ்வளவு சக்தியும் கொஞ்சத் தண்ணீருக்குள் அடைபட்டால் உயராமல் வேறு வழியில்லை.

ஒன்றை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கோ. கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓட வேண்டும், சரி. ஆனால் உள்வாங்கும்வரை காத்திருக்கக் கூடாது. அன்று தாய்லாந்துப் பக்கம் முதலில் கடல் வற்றியது, எங்கள் பக்கம் முதலில் வந்தது ஏற்றம்.

வல்வெட்டித்துறைப் பட்டக்காரத் தம்பி: விண் பூட்டின பட்டம் மேல கூவ, கீழ கேக்குது. அந்தக் காத்தா காதுக்க வருது?

இல்லை. விண் என்பது பட்டத்தில் இழுத்துக் கட்டும் நாடா. காற்று அதை அதிரவைக்கிறது, விண் தன்னைச் சுற்றிய காற்றை நெருக்கியும் ஐதாக்கியும் தள்ளுகிறது. அந்த நெருக்கம் செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர் ஓடி உம்மிடம் வருகிறது. சாதாரணப் பேச்சுச் சத்தத்தில் காற்றுத் துணிக்கை அசையும் தூரம் தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதையும் காது பிடிக்கிறதே என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மெய்சிலிர்க்கும்.

தூரம் போகப் போக அந்தச் சக்தி பெரிய பரப்பில் பரவும். இரண்டு மடங்கு தூரத்தில் செறிவு, அதாவது ஒரே அளவு பரப்பில் செக்கனுக்கு விழும் சக்தி, காற்பங்கு. கடைசியில் அந்தச் சக்தி சுவரிலும் பனையோலையிலும் காற்றிலுமே வெப்பமாகிவிடும். தைப்பொங்கலுக்குப் பட்டம் ஏத்தும்போது கயிற்றை இரண்டு விரலால் மெல்லப் பிடித்துப் பாரும். விண்ணின் துடிப்பு கயிறு வழியாகவும் கைக்கு இறங்கி வரும்.