புரியாத தாளில் கையெழுத்து: கைது செல்லுமா?

கேள்வி: மண்டபம் கடற்கரையில் கடந்த வாரம் விடியற்காலையில், படகில் கடல் அட்டை மூட்டை இருந்ததாகச் சொல்லி என் கணவரை வனத்துறையினர் பிடித்தனர். ஐந்தாம் வகுப்பு வரை படித்த அவரிடம் ஆங்கிலத் தாளொன்றில் கையெழுத்து வாங்கி, அன்று மாலையே ரிமாண்ட் செய்துவிட்டனர். இந்தக் கைது செல்லுமா ஐயா?

பதில்: கடல் அட்டை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், உங்கள் கணவர் மீதான வழக்கு இலேசானதன்று. ஆனால், கைதுக்கான காரணங்களைக் கைதானவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற அரசமைப்புச் சட்டத்தின் 22(1) பிரிவு, காவல் ஆய்வாளரைப் போலவே வனச்சரகரையும் கட்டுப்படுத்தும்.

இந்தக் காரணங்களை எழுத்தில் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் பணமோசடி வழக்கிலும் 2024இல் உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) வழக்கிலும் கூறியது. கர்நாடக உயர் நீதிமன்றம் அளித்த ஒரு ஜாமீனை 2025 ஆகஸ்டில் ரத்து செய்தபோது, எழுத்தில் தராததாலேயே கைது சட்டவிரோதமாகிவிடாது என்று கூறி உச்ச நீதிமன்றம் சற்றுப் பின்வாங்கியது போலத் தோன்றினாலும், அதே ஆண்டு நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் நிலைமை தெளிவாயிற்று: எந்தச் சட்டத்தின் கீழான குற்றமானாலும், காரணங்களைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும், உடனடியாக இயலாதபோது வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, ரிமாண்டுக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது எழுத்தில் தந்தாக வேண்டும்.

ஆகவே, அந்தத் தாள் உங்கள் கணவருக்குப் புரியாத ஆங்கிலத்தில் இருப்பதே ஒரு குறை; அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் முக்கியம். "சாட்சியைக் கலைக்காதிருக்க", "தலைமறைவாகாதிருக்க" என்ற அச்சடித்த வரிகள் யாருக்கும் பொருந்தும், அவை போதா. எந்தப் படகில், எத்தனை மணிக்கு, என்ன கைப்பற்றப்பட்டது, அதில் உங்கள் கணவரின் பங்கு என்ன என்பன இருக்க வேண்டும். தெரிவித்தோம் என்று நிரூபிக்கும் பொறுப்பும் கைது செய்தவர்களுடையதே என்று 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கு தெளிவுபடுத்தியது.

நீதிமன்றக் காவலில் வைத்த பிறகு ஆட்கொணர்வு மனு (சட்டவிரோதமாக அடைக்கப்பட்டவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கோரும் மனு) பொதுவாக ஏற்கப்படுவதில்லை என்பதால், முதல் வேலையாக உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு ஓட வேண்டாம். ரிமாண்ட் உத்தரவு, கைதுக் குறிப்பாணை, அந்தத் தாள் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களை வழக்கறிஞர் மூலம் வாங்கி, காரணங்கள் முறையாகத் தரப்படவில்லை என்பதையே ஜாமீன் மனுவில் முதல் வாதமாக வையுங்கள். அது தள்ளுபடியானால் மதுரைக் கிளை இருக்கிறது. கட்டணம் செலுத்த வசதியில்லை என்றால், இராமநாதபுரம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞரைக் கேட்கலாம். கைது சட்டவிரோதம் என்று முடிவானாலும் வழக்கு முடிந்துவிடாது. காரணங்களை முறையாகத் தந்து மீண்டும் காவல் கோரி வனத்துறை விண்ணப்பிக்க இடமுண்டு.