வார்லி ஓவியத்துல ஏன் வெள்ளை கலர் மட்டும் இருக்கு?

அது பெயின்ட் இல்லங்க, அரிசி மாவு. மகாராஷ்டிரால பால்கர் மாவட்டம், தகாணு பக்கம் வாழுற வார்லி மக்கள் சாணியும் செம்மண்ணும் பூசின சுவத்துல, அரைச்ச அரிசில தண்ணியும் பிசினும் கலந்து, நுனிய மென்னு பிரஷ் மாதிரி ஆக்கின மூங்கில் குச்சியால வரைவாங்க.

ரெண்டு முக்கோணத்த நுனியோட நுனி சேத்தா ஒரு மனுஷன், அவ்ளோதான், ஆனா அந்த தார்பா ஆட்டத்த பாருங்க, நடுவுல ஒருத்தர் தார்பாங்கற ஊதுற வாத்தியத்த வாசிக்க, மத்தவங்க கைகோத்து சுருள் சுருளா சுத்துறது நிஜமாவே நகருற மாதிரி இருக்கும், எனக்கு உயிரே அதுதான். கல்யாணத்துக்கு வரையுற சதுரத்துக்குள்ள செழிப்புக்கான தெய்வம் பாலகாட் தேவி இருப்பா, அத சுமங்கலிங்க தான் வரைவாங்க. 1970கள்ல ஜிவ்யா சோமா மாஷேங்கற வார்லி ஓவியர் தினமும் வரைய ஆரம்பிச்ச பிறகு தான் வெளியுலகத்துக்கே தெரிஞ்சுது, 2011ல அவருக்கு பத்மஸ்ரீ.