திரையரங்கில் ஒரு ராக் கச்சேரி

கேள்வி: சண்முகானந்தா சபையில் கச்சேரி கேட்டு வளர்ந்தவள் நான். லெட் செப்பலின் என்ற பழைய ராக் குழு மீண்டும் கூடி நடத்திய நிகழ்ச்சியின் படத்தைத் திரையரங்கில் சிறப்புக் காட்சியாகப் போடுகிறார்கள் என்று மகன் கூப்பிடுகிறான். வீட்டிலேயே பார்க்கக் கூடியதற்கு அரங்குக்குப் போக வேண்டுமா? வயதான பிறகு பாடியது நன்றாக இருக்குமா?
– வாசகி, செம்பூர், மும்பை

பதில்: அவசியம் போய் வாருங்கள். டிரம்ஸ் வாசித்த ஜான் பானம் 1980இல் இறந்ததும் கலைந்துபோன குழு அது. இடையில் ஓரிரு மேடைகளில் மற்ற மூவரும் சேர்ந்து சில பாடல்களை வாசித்ததுண்டு என்றாலும், முழுக் கச்சேரியாக அமைந்தது, அவர்களுடைய இசைத்தட்டுகளை வெளியிட்ட அட்லாண்டிக் நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான அஹ்மத் எர்டகனின் நினைவாக 2007 டிசம்பர் 10 அன்று லண்டன் ஓ2 அரங்கில் நடந்த நிகழ்ச்சிதான். ‘செலிப்ரேஷன் டே’ என்ற பெயரில் அது 2012இல் திரைக்கு வந்தது.

அன்று டிரம்ஸில் உட்கார்ந்தவர் ஜான் பானமின் மகன் ஜேசன். அவ்வளவு பெரிய மேடையில் மற்ற மூவரும் விலகி நிற்காமல் அவரைச் சுற்றியே நெருங்கி நின்று, ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் முகத்தைப் பார்த்து வாசிக்கிறார்கள். சபையில் முதல் வரிசையில் அமர்ந்தவருக்கு மட்டுமே கிடைக்கும் மிருதங்க வித்வானின் விரலசைவைப் போல, அந்தப் பார்வைப் பரிமாற்றம் பெரிய திரையில் எல்லோருக்கும் கிடைக்கிறது. லண்டன் அரங்கின் பின்வரிசையில் இருந்தவர்களுக்குக்கூட இது இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஜான் பால் ஜோன்ஸின் பேஸ் கிட்டாரையோ வீட்டுத் தொலைக்காட்சியின் சிறிய ஒலிபெருக்கி பாதிதான் எடுத்துக் கொடுக்கும். அரங்கில் அது நாற்காலி வரை அதிரும்.

குரலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அப்போது 59 வயதான ராபர்ட் பிளான்ட், இளமையில் எட்டிய உச்சங்களைத் துரத்தாமல், பல பாடல்களைச் சுருதி இறக்கி, நிதானமாகப் பாடுகிறார். அந்த நிதானத்தை நான் மிகவும் மதிக்கிறேன். தாளம் தெரிந்த உங்களுக்குப் பெரும் விருந்து ‘காஷ்மீர்’ என்ற பாடல்: ஜிம்மி பேஜின் கிட்டார் மூன்றின் கணக்கிலும் டிரம்ஸ் நான்கின் கணக்கிலும் நடந்து பன்னிரண்டில் சேர்வதைக் கையில் தாளம் போட்டே பின்தொடரலாம். (அந்தப் பாடலுக்குத் தூண்டுதலாக இருந்தது காஷ்மீர் அல்ல, மொராக்கோவின் பாலைவனச் சாலை.)

ஒரு மும்பைத் தொடர்பும் உண்டு. 1972இல் பேஜும் பிளான்ட்டும் இந்த ஊருக்கு வந்து, இந்திய இசைக்கலைஞர்களோடு சேர்ந்து தங்கள் பாடல்களில் இரண்டைப் பதிவு செய்தார்கள். அவை 2015இல் முறையாக வெளிவந்தன. படத்துக்குப் போகும் முன் மகனோடு அவற்றைக் கேட்டுவிடுங்கள். இருக்கை நடுவரிசையில், நடுப்பகுதியில் கிடைக்குமா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், ஒலி அங்கேதான் சீராக வந்து சேரும்.